காத் இலையும் இப்னு ஹஜர் (ரஹ்) அவர்களின் தீர்ப்பும்

ஒரு பொருளைப் பற்றிய தீர்ப்பு, அப்பொருளின் உண்மை நிலையை அறிவதிலிருந்தே பிறக்க வேண்டும் என்பது உஸூலுல் ஃபிக்ஹ் பயின்றோர் நன்கறிந்த விதி. ஹிஜ்ரி பத்தாம் நூற்றாண்டில் யமன் நாட்டு இலை ஒன்று இவ்விதியைக் கடும் சோதனைக்கு உள்ளாக்கியது.

அவ்விலையின் பெயர் காத். யமன், எதியோப்பியா நாடுகளின் மலைச்சரிவுகளில் வளரும் செடியின் இளந்தளிர் அது. அதனை மென்றால் உறக்கம் விலகும்; பசி அடங்கும்; உள்ளம் கிளர்ச்சியுறும்; பேச்சுப் பெருகும். இரவு வணக்கத்திற்குத் துணை என அதனைப் போற்றிய ஸூஃபிகளும் இருந்தனர். அறிவைக் கெடுப்பது என விலக்கிய உலமாக்களும் இருந்தனர். கருத்து வேற்றுமை முற்றவே, யமனிலிருந்து இவ்வினா மக்காவில் வாழ்ந்த ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இப்னு ஹஜர் அல்ஹைதமீ (ரஹ்) அவர்களிடம் வந்தது. ஹி. 909இல் எகிப்தில் பிறந்து ஹி. 974இல் (கி.பி. 1567) மறைந்த அப்பெருந்தகை, 'துஹ்ஃபதுல் முஹ்தாஜ்' வாயிலாக நம் அரபிக் கல்லூரிகளுக்கு நன்கு அறிமுகமானவர்.

இவ்வினாவுக்கு விடையாக 'தஹ்தீருஸ் ஸிகாத் மின் அக்லில் கஃப்தி வல்காத்' என்னும் தனி நூலையே அவர் இயற்றினார். இரு சாராரின் வாதங்களையும் திரட்டி ஆராய்ந்தார். ஆயினும் காத்தை உண்டவர்களின் சாட்சியங்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. தீங்கு உண்டு என்றனர் சிலர். இல்லவே இல்லை என்றனர் வேறு சிலர். எனவே, ஹராம் என்று அவர் அறுதியிட்டுக் கூறவில்லை; ஐயத்திற்குரியவற்றைத் தவிர்ப்பதே பேணுதல் என்று எச்சரித்தார். இது இளக்காரம் அன்று. கஞ்சா, அபின் மட்டுமன்றிப் போதையூட்டும் அளவிலான சாதிக்காயையும் விலக்கியவர் அவர். சான்று கிட்டிய இடத்தில் கண்டிப்பும், கிட்டாத இடத்தில் நிதானமும் அவரது வழியாயிருந்தன.

சிக்கலின் வேர் காத்தின் தன்மையிலேயே இருந்தது. மது அறிவை மறைக்கும். அபின் உடலைத் தளர்த்தும். இதுவோ விழிப்பூட்டிற்று. முஸ்கிர், முஃப்திர் என்னும் அளவுகோல்களுக்குள் எளிதில் அடங்கவில்லை.

விடையின் எஞ்சிய பகுதி பிற்காலத்தில் கிடைத்தது. டென்மார்க் அரசு அனுப்பிய ஆய்வுக்குழுவில் சென்று 1763இல் யமனிலேயே உயிர்நீத்த ஸ்வீடன் நாட்டறிஞர் ஃபோர்ஸ்கால் இச்செடியை விவரித்தார். அவரது நூல் 1775இல் வெளிவந்தது. மூளை நரம்புகளிடையே செய்தி கடத்தும் பொருள்களுள் டோபமைனும் ஒன்று என்பதை 1957இல் அர்விட் கார்ல்சன் நிறுவத் தொடங்கினார். 1975இல் ஐக்கிய நாடுகள் சபையின் ஆய்வகத்தில் காத் தளிரிலிருந்து கதினோன் பிரித்தெடுக்கப்பட்டது. பறித்த சில நாட்களுக்குள் அது வீரியம் குன்றிய வேறொரு பொருளாக மாறிவிடுகிறது. பசுந்தளிரை உண்டவரும் உலர்ந்த இலையை உண்டவரும் வெவ்வேறு சாட்சியம் அளித்ததற்கு இதுவும் ஒரு காரணமாயிருக்கலாம்.

கதினோன் செயற்படும் முறை ஆம்ஃபெட்டமைனை ஒத்தது. நரம்பணு வெளியிட்ட டோபமைனைத் திரும்ப உள்ளிழுக்கும் வாயில் ஒன்று உண்டு. இப்பொருள்கள் அவ்வாயில் வழியே நுழைந்து, சேமிப்பிலுள்ள டோபமைனை அதே வழியாக வெளியே பெருகச் செய்கின்றன. உழைப்பின்றி ஓர் உவகை எழுகிறது. இருப்புக் கரைந்ததும் சோர்வும் மனவாட்டமும் சூழ்கின்றன. விழிப்பூட்டியதே இறுதியில் தளர்ச்சியைத் தருகிறது. கிளர்ச்சி ஒரு கடன். அதைத் திருப்பிச் செலுத்துவது மூளையே.

இலையில் இக்கடன் சிறிது. மாத்திரையில் அது பெருகிவிடுகிறது. 1887இல் ஆம்ஃபெட்டமைனும் 1893இல் மெத்தாம்ஃபெட்டமைனும் ஆய்வகங்களில் ஆக்கப்பட்டன. 1961இல் ஜெர்மனியில் மருந்தாக உருவான கேப்டகான் 1986இல் பன்னாட்டுக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. ஆயினும் அதே பெயர் தாங்கி, பெரும்பாலும் ஆம்ஃபெட்டமைன் அடங்கிய போலி மாத்திரைகள் அரபு நாடுகளின் இளைஞரைச் சீரழித்தன. தொடர்ந்து மெத்தாம்ஃபெட்டமைன் உட்கொள்வோரின் மூளையில், டோபமைனை ஏற்கும் உறுப்புகள் குறைவதைப் படப்பிடிப்பு ஆய்வுகள் காட்டியுள்ளன. நல்லுணவும் உறவினர் அண்மையும்கூட அவர்க்குச் சுவையற்றுப் போகின்றன. நீண்டகாலம் விலகியிருந்தால் சில மாற்றங்கள் ஓரளவு சீராகின்றன என்பதும் அவ்வாய்வுகளின் முடிவே. ஆகவே மீள விழைவோரை வெறுத்தொதுக்காமல், மருத்துவத்தின் பக்கம் கைப்பிடித்து அழைத்துச் செல்வது சமுதாயத்தின் கடமை.

முரண்பட்ட சாட்சியங்களின் நடுவே அன்று இப்னு ஹஜர் (ரஹ்) அவர்கள் பேணுதலை அறிவுறுத்தினார்கள். பசுந்தளிரைக் காட்டிலும் பன்மடங்கு வீரியமுள்ள மாத்திரைகள் குறித்து இன்று சாட்சியங்களில் முரண்பாடு இல்லை. "இதில் தெளிவான தடை எங்கே?" என்று வினவும் இளைஞனுக்கு அச்சுறுத்தல் மட்டும் போதாது, பொருளின் உண்மை நிலையையும் எடுத்துரைக்க வேண்டும். அதற்குப் பயன்படும் மூளை வேதியியலைப் பயில்வதும் ஃபிக்ஹுக்குச் செய்யும் பணியே.