கையளவுத் திரையும் கட்டளைக் கட்டைகளும்: டைனாபுக் முதல் வண்டிப்பெரியார் வரை

1972 ஜனவரி 26 அன்று கேரளத்தில் இடுக்கி மாவட்டம் உருவானது. அதே ஆண்டு ஆகஸ்டில், அமெரிக்காவின் ஜெராக்ஸ் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் பணியாற்றிய ஆலன் கே, எல்லா வயதுக் குழந்தைகளுக்குமான தனிக்கணினி ஒன்றைப் பற்றிக் கட்டுரை எழுதினார். ‘டைனாபுக்’ என்று அவர் பெயரிட்ட அக்கருவி ஒரு குறிப்பேட்டின் அளவில் இருக்க வேண்டும். குழந்தை அதில் படிப்பதோடு நில்லாமல் தானே நிரலும் எழுத வேண்டும். இவ்விரு நிகழ்வுகளுக்கும் தொடர்பு ஏதுமில்லை. எனினும், ஆலன் கேயின் கருத்து பல உருமாற்றங்களைக் கடந்து பீர்மேடு வட்டத்தின் தேயிலைத் தோட்டங்கள் வரை வந்து சேர்ந்தது. வழியில் அது இழந்தவை எவை என்பதே இங்கு ஆராயத்தக்கது.

டைனாபுக் அன்று உருப்பெறவில்லை. அதற்கென வளர்க்கப்பட்ட ஸ்மால்டாக் மொழி நிலைத்தது. 1996இல் ஆப்பிள் நிறுவனத்தில் ஆலன் கே, டான் இங்கால்ஸ், ஜான் மலோனி முதலியோர் அம்மொழியை ‘ஸ்குவீக்’ என்ற பெயரில் புதுப்பித்தனர். ஸ்குவீக்கை இயக்கும் மெய்நிகர் பொறி ஸ்மால்டாக்கிலேயே எழுதப்பட்டு, பின்னர் சி மொழிக்குத் தானாக மாற்றப்பட்டது. ஆகவே அதை ஒரு கருவியிலிருந்து மற்றொன்றுக்கு எடுத்துச் செல்வது எளிதாயிற்று. ஐபேக், ஸாரஸ் போன்ற கையடக்கக் கருவிகளிலும் ஸ்குவீக் ஓடியது. 2007 மே மாதம் எம்ஐடி ஊடக ஆய்வகத்தில் மிட்செல் ரெஸ்னிக்கின் குழு பொதுவில் வெளியிட்ட ‘ஸ்க்ராட்ச்’ இந்த ஸ்குவீக்கின் மேல் கட்டப்பட்டதே. அதன் முதன்மை நிரலாளரும் ஜான் மலோனியே. கட்டளைகளைத் தட்டச்சு செய்யாமல், வண்ணக் கட்டைகளை ஒன்றோடொன்று பொருத்தி நிரலாக்கும் முறை அதன் வழியே உலகெங்கும் பரவியது.

இதற்குச் சில ஆண்டுகள் முன்பே இந்தியாவில் ஒரு கையடக்கக் கணினி பிறந்திருந்தது. இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனத்தாரும் இணைந்து 1999இல் அமைத்த சிம்ப்யூட்டர் அறக்கட்டளை, 2001 ஏப்ரல் 25 அன்று பெங்களூரில் தன் முன்மாதிரியை வெளியிட்டது. அதில் 206 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள ஸ்ட்ராங்ஆர்ம் நுண்செயலியும் லினக்ஸ் இயங்குதளமும் இருந்தன. அக்கால ஐபேக், ஸாரஸ் கருவிகளில் இருந்ததும் அதே நுண்செயலிதான். கணக்கிடும் ஆற்றலை மட்டும் நோக்கினால், ஸ்குவீக்கைத் தாங்கும் கருவிகளின் வரிசையில்தான் சிம்ப்யூட்டரும் நின்றது.

ஆனால் ஸ்க்ராட்சுக்கு ஆற்றலைவிடத் திரையே பெருந்தடை. ஸ்க்ராட்சின் மேடை 480க்கு 360 படப்புள்ளிகள் கொண்டது. அதாவது 1,72,800 புள்ளிகள். சிம்ப்யூட்டரின் முழுத் திரையே 320க்கு 240, அதாவது 76,800 புள்ளிகள். உருவங்கள் ஆடும் மேடை மட்டுமே அத்திரையைப் போல இரண்டேகால் மடங்கு. கட்டைகளின் பட்டியலுக்கும் அவற்றைப் பொருத்தும் களத்திற்கும் வேறு இடம் வேண்டும். செய்ததையும் அதன் விளைவையும் ஒரே பார்வையில் காண்பதே இக்கற்றல்முறையின் உயிர்நாடி. கையளவுத் திரை முதலில் பறிப்பது அந்தப் பார்வையைத்தான்.

நோக்கத்திலும் இரண்டும் வேறுபட்டன. சிம்ப்யூட்டரை வடிவமைத்தோர் முன் நின்ற கேள்வி, எழுத்தறியாதவர் கணினியை எவ்வாறு பயன்படுத்துவார் என்பது. அதற்காகவே தொடுதிரையையும் பலர் பகிரத்தக்க ஸ்மார்ட் அட்டையையும் இந்திய மொழிகளைப் பேசும் ‘த்வனி’ மென்பொருளையும் அமைத்தனர். பயனரின் மொழியை அவர்கள் முதற்பொருளாகக் கொண்டது பாராட்டத்தக்கது. ஆயினும் அப்பயனர் தகவலைப் பெறுபவராகவே எண்ணப்பட்டார். ஸ்க்ராட்சோ குழந்தையைப் படைப்பவராக எண்ணியது. அதன் கட்டைகளின் சொற்கள் முதலில் ஆங்கிலத்தில் அமைந்தன. 2004 மார்ச்சில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் துணையுடன் ‘அமிடா’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்த சிம்ப்யூட்டர் எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. ஸ்க்ராட்ச் வெளிவருவதற்குள் அதன் காலம் ஏறக்குறைய முடிந்திருந்தது.

கட்டையின் மேல் எம்மொழி எழுதப்பட்டுள்ளது என்பது மொழிபெயர்ப்புச் சிக்கல் மட்டுமன்று; தொடரியல் சிக்கலுமாகும். ஆங்கிலக் கட்டளை வினையில் தொடங்குகிறது: ‘நகர்’ என்பதற்குப் பின்னரே ‘10 அடி’ வருகிறது. தமிழில் ‘10 அடி நகர்’ என்பதே இயல்பு. எண் முன்னும் வினை பின்னும் நிற்கும். வினையை இறுதியில் வைக்கும் ஜப்பானிய மொழியின் ஸ்க்ராட்ச் கட்டைகள் அவ்வரிசையையே பின்பற்றுகின்றன. தமிழிலும் முன்னுதாரணம் உண்டு. முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ நிரல்மொழியில் நிபந்தனை முதலில் வந்து, ‘ஆனால்’ என்ற சொல் அதன் பின்னே நிற்கிறது. ஆங்கிலத்தின் வரிசையை அது தமிழ்ச் சொற்களால் நிரப்பவில்லை. தமிழின் வரிசையிலேயே நிபந்தனையைச் சொல்கிறது.

இச்சிக்கல் கூர்மையாக வெளிப்படும் இடங்களுள் வண்டிப்பெரியாரும் ஒன்று. தலைமுறைகளுக்கு முன் மலையேறிய தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களின் வழித்தோன்றல்கள் லயங்களில் வாழும் ஊர் அது. வீட்டில் தமிழ், கடைத்தெருவிலும் அலுவலகத்திலும் மலையாளம், கணினித் திரையில் ஆங்கிலம் என மூன்று மொழிகளுக்கிடையே குழந்தை வளர்கிறது. 2001இல் தொடங்கி 2017இல் ‘கைட்’ நிறுவனமாக உருமாறிய கேரளத்தின் பள்ளிக் கணினித் திட்டம், கட்டற்ற மென்பொருளை வகுப்பறைக்குக் கொண்டுவந்தது. கணினிப் பாடநூலைத் தமிழிலும் வெளியிட்டது. 2018இல் தொடங்கிய ‘லிட்டில் கைட்ஸ்’ மன்றங்களில் ஸ்க்ராட்சும் கற்பிக்கப்படுகிறது. இந்தியாவில் இவ்வளவு முறையாக இப்பணியைச் செய்த மாநிலங்கள் அரிது. இருப்பினும் பாடநூலின் மொழியும் கட்டையின் மொழியும் வேறாகும்போது, நிரல்தருக்கத்தைக் கற்கும் குழந்தை அந்நியத் தொடரியலையும் சேர்த்தே சுமக்கிறது.

2015இல் தேசிய ஒளியிழை வலையமைப்பில் இணைந்த நாட்டின் முதல் மாவட்டம் என்ற பெயர் இடுக்கிக்குக் கிடைத்தது. 2020 ஜூன் 1 அன்று ‘ஃபர்ஸ்ட் பெல்’ தொலைக்காட்சி வகுப்புகள் தொடங்கிய பின், குறிப்பேட்டினும் சிறிய கருவி ஒன்று குழந்தைகளின் கைக்கு வந்தது. அது பெரும்பாலும் பெற்றோரின் பழைய கைப்பேசி. ஆற்றலில் அது சிம்ப்யூட்டரைப் பன்மடங்கு விஞ்சியது. ஆனால் பாடம் பார்ப்பதற்கும் குரல்செய்தி கேட்பதற்குமே அது பயன்பட்டது. 2019 ஜனவரியில் ஸ்குவீக்கும் ஃபிளாஷும் நீங்கிப் புதுவடிவம் பெற்ற ஸ்க்ராட்ச் 3.0 புதிய உலாவிகளையே நாடுகிறது. அதன் ஆண்ட்ராய்டு செயலிக்கு ஆறாம் பதிப்போ அதற்குப் பிந்தியதோ வேண்டும். வலிமை குன்றிய கருவிகளில் ஓடிய ஸ்குவீக்கின் வழித்தோன்றல், வலிமை மிகுந்த பழைய கைப்பேசியில் ஓட மறுக்கிறது.

ஆகவே, கருவி பழையது என்பதைக் காரணமாகச் சொல்லி இதைக் கடந்துவிட இயலாது. எந்தப் பதிப்பு வரை ஆதரவு, எவ்வளவு பெரிய திரைக்கு வடிவமைப்பு, எம்மொழியின் தொடரியலில் கட்டளை ஆகிய மூன்றும் மனிதர் எடுக்கும் முடிவுகள். சிம்ப்யூட்டர் பயனரின் மொழியை மதித்தது. ஸ்க்ராட்ச் குழந்தையின் படைப்பாற்றலை மதித்தது. இரண்டையும் ஒரே கையளவுத் திரையில் சேர்க்கும் பணி இன்னும் முடியவில்லை. அது முடியும்வரை லயத்தில் வளரும் குழந்தையின் கையில் கணினி இருக்கும். ஆலன் கே கருதிய கணினியாக அது இராது.