ஆறு ஒலிகள்

காலை எட்டு மணிக்குத் தாம்பரம் ஸ்டேஷனில் எதையாவது காதால் கேட்டுப் புரிந்துகொள்வது யாருக்குமே கஷ்டம்தான். அறிவிப்பு ஒரு பக்கம், வண்டியின் இரைச்சல் ஒரு பக்கம், செல்போனில் கத்துகிறவர்கள் ஒரு பக்கம். பதினைந்து வருடம் இருக்கும். அந்தக் கூட்டத்தில் என் பெரியம்மா மகள், நான் அக்கா என்று கூப்பிடுகிறவள், தன் மூன்று வயது மகனை பெஞ்சில் உட்கார வைப்பாள். பக்கவாட்டில் நின்று, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு "ஆ" என்பாள். பையனும் "ஆ" என்பான். அடுத்து ஊ, ஈ, ம், ஷ், ஸ். ஆறும் திரும்பி வந்துவிட்டால் வண்டி ஏறலாம்.

பார்க்கிறவர்கள் ஏதோ விளையாட்டு என்று நினைப்பார்கள். உண்மையில் அது தினசரிச் சோதனை. டேனியல் லிங் என்கிற செவித்திறன் கல்வியாளர் வகுத்தது. இந்த ஆறு ஒலிகளும் பேச்சின் தாழ்ந்த அதிர்வெண்ணிலிருந்து உயர்ந்த அதிர்வெண் வரை பரவி நிற்பவை. "ம்" வந்து "ஸ்" வராமல் போனால் கருவியிலோ அதன் அமைப்பிலோ ஏதோ சிக்கல் என்று சந்தேகிக்கலாம். எங்கள் தொழிலில் இதற்கு ஸ்மோக் டெஸ்ட் என்று பெயர். காலையில் சர்வர் எழுந்திருக்கிறதா என்று பார்ப்பது மாதிரி. அக்காவிடம் அதைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. "உன் சர்வர் ராத்திரி தூங்காதுல்ல. இவன் தூங்கணும். தூங்கும்போது கழட்டணும். கழட்டுனா ஒண்ணும் கேக்காது," என்றாள்.

அந்த வாக்கியம்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. காக்ளியர் இம்ப்ளான்ட் வைத்த குழந்தை கேட்கும் குழந்தையாக மாறிவிட்டது என்றுதான் நாம் நினைக்கிறோம். குளிக்கும்போது, தூங்கும்போது, பேட்டரி தீர்ந்தபோது அவன் முன்பு போலவே காது கேளாத பையன். இருட்டில் தண்ணீர் வேண்டும் என்றால் அம்மாவின் கையைப் பிடித்துத் தன் தொண்டையில் வைப்பான். அவர்களுக்குள் அப்படிப் பத்திருபது சைகைகள் இருந்தன. ஆனால் பயிற்சிக்குப் போன இடத்தில் அதைச் சொல்ல அவளுக்குப் பயம். "கையைக் காட்டாதீங்க, அப்புறம் பேச மாட்டான்" என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள்.

கையைக் காட்டக் கூடாது என்ற விதி எங்கிருந்து வந்தது? தேடிப் போனால் 1880 செப்டம்பரில், இத்தாலியின் மிலான் நகரில் போய் நிற்கிறது. காது கேளாதோர் கல்விக்கான சர்வதேச மாநாடு அது. சைகைமொழியை விடப் பேச்சுமுறையே உயர்ந்தது, வகுப்பறையில் அதையே பயன்படுத்த வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். வந்திருந்த 164 பேரில் காது கேளாதவர் ஒரே ஒருவர். அதன்பின் பல நாடுகளில் சைகையில் பேசிய குழந்தைகள் தண்டிக்கப்பட்டார்கள். காது கேளாத ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். 2010இல் வான்கூவரில் அதே மாநாடு கூடி அந்தத் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. 130 வருடம் கழித்து.

இந்தியாவில் காது கேளாதோர் பள்ளிகள் தோன்றியது மிலானுக்குப் பிந்தைய அந்தக் காலத்தில்தான். 1880களில் பம்பாய், 1893இல் கல்கத்தா. அதே பத்தாண்டில் பாளையங்கோட்டையில் ஃப்ளாரன்ஸ் ஸ்வெயின்சன் என்ற மிஷனரிப் பெண் தொடங்கிய பள்ளி இன்றும் அவர் பெயரிலேயே நடக்கிறது. அதுவரை கல்வி என்ற சொல்லே எட்டாதிருந்த பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைக் குறைத்துச் சொல்ல முடியாது.

சென்னைக்கு வந்தால் முக்கியமான ஆண்டு 1969. அடையாறில் பால வித்யாலயா தொடங்கப்பட்டது. ஐந்து ஆறு வயது வரை காத்திருக்காமல் கைக்குழந்தைப் பருவத்திலேயே காது மெஷின் மாட்டி, பெற்றோரையும் பழக்கி, பேச வைத்து, பிறகு சாதாரணப் பள்ளிக்கு அனுப்புவது என்ற பாதையை அங்கே எடுத்தார்கள். மூளை மொழிக்காகக் காத்திருக்கும் காலம் குறுகியது என்று பின்னால் ஆய்வகங்கள் அளந்து சொன்னதை, அந்த ஆசிரியைகள் வகுப்பறைப் பாயில் உட்கார்ந்தே புரிந்துகொண்டிருந்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. கேள்விக்கான மூளைப்பகுதி மூன்றரை வயதுக்குள் ஒலியைப் பெற்றால்தான் நன்றாக வளர்கிறது என்பதை அனு சர்மா குழுவினர் 2002இல் காட்டினார்கள்.

கருவியின் கதை தனி. ஆஸ்திரேலியாவின் கிரீம் கிளார்க்குக்குத் தந்தை காது சரியாகக் கேட்காத மருந்துக்கடைக்காரர். உள்காதின் நத்தைச் சுருளுக்குள் மின்கம்பியை எப்படி நுழைப்பது என்று தெரியாமல் தவித்தவர், 1977இல் ஒரு கடற்கரையில் கிடந்த சங்கு ஒன்றில் புல்லிதழைச் செருகிப் பார்த்தார். நுனி மெலிந்தும் அடி விறைப்பாகவும் இருந்த புல் சுருளுக்குள் வழுக்கிக்கொண்டு போனது. மறுவருடம் மெல்போர்னில் முதல் அறுவை. 1990இல் அமெரிக்காவில் இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கும் அனுமதி கிடைத்தது. அந்தப் பத்தாண்டிலேயே சென்னையிலும் இந்த அறுவை நடக்கத் தொடங்கிவிட்டது.

ஆனால் கணக்கைப் பாருங்கள். இயல்பான காதில் ஒலியை நரம்புக்குக் கடத்தும் உள்மயிர் செல்கள் சுமார் 3,500. கிளார்க்கின் கருவியில் மின்முனைகள் 22. ஒரு புகைப்படத்தை 22 கட்டங்களாகச் சுருக்கி, "இது உன் அம்மா முகம், கண்டுபிடி" என்று குழந்தையிடம் கொடுப்பது மாதிரி. குழந்தை கண்டுபிடிக்கிறது என்பதுதான் ஆச்சரியம். ஆனால் ஆன் செய்த அன்றைக்கே அல்ல. ஆயிரக்கணக்கான மணி நேரம் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து "குக்கர் விசில் கேக்குதா? யாரு வந்தா? அப்பா வந்தா" என்று சொல்லிக்கொண்டே இருந்தால்.

அதிலும் தமிழ் தனிச் சோதனை. அவன், அவள், அவர் என்ற வித்தியாசமே நமக்குச் சொல்லின் கடைசியில்தான் இருக்கிறது. வந்தான், வந்தாள், வந்தார். வீட்டுக்கு, வீட்டில், வீட்டிலிருந்து. பேசும்போது நாம் விழுங்கிவிடுகிற அந்த வால்தான் அர்த்தத்தைச் சுமக்கிறது. பேச்சில் "வந்தா" என்று மூக்கொலியோடு சொன்னால் அவன், மூக்கொலி இல்லாமல் சொன்னால் அவள். 22 மின்முனை வழியாக, ஃபேன் ஓடும் வகுப்பறையில், இதைப் பிடிக்க வேண்டும். பிறகு பாடப்புத்தகம் திறந்தால் வீட்டில் யாருமே பேசாத இன்னொரு தமிழ். மற்ற பிள்ளைகள் தெருவிலும் டிவியிலும் காதில் தானாக விழுந்து கற்றுக்கொள்வதை இவனுக்கு ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க வேண்டும். "இங்கிலீஷ் மீடியத்துல போட்டா ஈஸி" என்று சிலர் சொன்னார்கள். "எனக்கு வராத மொழில நான் எப்படி அவன்கூட நாள் முழுக்கப் பேசறது?" என்று அக்கா தமிழிலேயே நின்றாள்.

2009இல் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டமும் பின்னால் வந்த முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் இல்லையென்றால், பல லட்ச ரூபாய் அறுவை அக்கா மாதிரிக் குடும்பங்களுக்குக் கனவுதான். ஆறு வயதுக்குட்பட்ட ஏழைக் குழந்தைகளுக்கு ஓர் அரசு இதைச் செய்தது பெருமைப்பட வேண்டிய வரலாறு. ஆனால் திட்டம் அறுவையை எண்ணும். அம்மா விட்ட வேலையை எண்ணாது. அறுந்த கேபிள், வியர்வையில் கெட்ட மைக், கடைசி பெஞ்சில் உட்கார வைத்த டீச்சர், "எங்களுக்கு ரிஸ்க் வேணாம்மா" என்று அட்மிஷன் மறுத்த பள்ளி, இவையும் எந்தக் கணக்கிலும் வராது. கிளார்க்குக்கு லாஸ்கர் விருது கிடைத்தது. தகுதியானவர்தான். சிக்னலை மொழியாக்கிய பெண்களுக்கு எந்த வரலாற்றிலும் பெயர் இல்லை.

கருவி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பையன் பேசுகிறான். என்னோடு சண்டை போடுகிறான். ஆனால் அதே பயிற்சியில் அவனோடு இருந்த எல்லாக் குழந்தைகளுக்கும் அப்படி அமையவில்லை. ஐந்து வயதில் அறுவை செய்து, பேச்சும் முழுதாக வராமல், சைகையும் மறுக்கப்பட்டு, இரண்டு மொழிக்கும் வெளியே நின்ற பிள்ளைகளை அக்கா பார்த்திருக்கிறாள். மிலானின் பழைய விதி கருவியின் வழியாக மறுபடி உள்ளே வந்ததன் விலை அது. கருவி தருவது ஒலியை. குழந்தைக்குத் தேவை மொழி. அது காது வழியே வந்தாலும் சரி, கை வழியே வந்தாலும் சரி, நேரத்தோடு வர வேண்டும்.

பையன் இப்போது காலேஜ் போகிறான். ரயிலில் பழக்கமான காது கேளாத நண்பர்களிடமிருந்து இந்தியச் சைகைமொழி கற்றுக்கொண்டிருக்கிறான். போன மாதம் மூவரும் தாம்பரத்தில் வண்டி ஏறினோம். ஏறியதும் காதிலிருந்து கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். சத்தம் தாங்கலையாம். எதிரே உட்கார்ந்திருந்த அக்கா எதையோ கேட்க வாயெடுத்தாள், நிறுத்திக்கொண்டாள். பிறகு, கொஞ்சம் தயங்கி, சுற்றிலும் பார்த்துவிட்டு, கையைத் தூக்கினாள்.