சுக்கான்

பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் கிணறு வெட்டுகிறவர்கள் கரிசலைத் தாண்டியதும் மண்வெட்டியை வைத்துவிட்டுக் கடப்பாரையை எடுப்பார்கள். "சுக்கான் தட்டிருச்சு" என்பார்கள். வெளிறிய நிறத்தில், கழற்சிக்காய் போலக் கணுக்கணுவாக இறுகிக் கிடக்கும் சுண்ணாம்புக்கல் அது. கப்பலைத் திருப்பும் சுக்கான் வேறு. அது கடல்வழி வந்த அரபுச் சொல்.

கல்லின் பெயருக்கு அடி எது? உலர்ந்த இஞ்சியும் சுக்கு, உடைந்த துண்டும் சுக்கு. பின்னதிலிருந்தே சுக்கல், சுக்குநூறு. முன்னதை வடமொழிச் 'சுஷ்க'த்தோடு உறவுபடுத்துவார் உண்டு. அந்த வழக்கு எப்படித் தீர்ந்தாலும், காய்ந்து இறுகியதாய், அடித்தால் சுக்கல் சுக்கலாய்ச் சிதறுவதாய் உள்ள இந்தக் கல்லுக்கு இரு பொருளும் ஒருங்கே பொருந்துகின்றன என்பதே என் துணிபு. பாறையோடு சேர்கையில் னகரம் மகரமாகிச் சுக்காம்பாறை என வாய்க்கு வாகாக உருள்வதையும், சொற்சுவை அறிந்தவரே, ஒருமுறை சொல்லிப் பாருங்கள்!

காய்ச்சல்தான் இக்கல்லின் பிறப்பும். மழைநீர் மண்ணின் சுண்ணாம்பைக் கரைத்துக் கீழே கொண்டுபோகும். கோடையில் நீர் ஆவியாகச் சுண்ணாம்பு மட்டும் தங்கி இறுகும். பெருமழை நாட்டில் அது கழுவுண்டு போய்விடும். வறட்சியும் மழையும் மாறி மாறி வரும் கரிசல் போன்ற சீமையில்தான் சுக்கான் நன்றாக விளையும்.

அந்த மழையின் ஏற்றத்தாழ்வுக்கோ வானத்திலும் ஒரு காரணம் உண்டு. கொள் என்பதன் முதல் நீண்டு பிறந்தது கோள். பற்றுவது என்று பொருள். வியாழனும் வெள்ளியும் தம் ஈர்ப்பால் பற்றி இழுப்பதால் பூமியின் பாதை 4,05,000 ஆண்டுக்கு ஒருமுறை நீள்வதும் வட்டமாவதுமாய் இருக்கிறது. 21.5 கோடி ஆண்டுகளுக்கு முன்பும் இந்தச் சுற்று மாறவில்லை என்பதை அமெரிக்காவின் அரிசோனாப் பாறைகளையும் நியூஜெர்சியின் பழைய ஏரிப்படிவுகளையும் ஒப்பிட்டு 2018இல் ஆய்வாளர்கள் காட்டினர். பூமியின் அச்சும் மெல்லத் தள்ளாடுகிறது. அதனால், இன்று மார்கழியில் கதிரவனை நெருங்கும் பூமி, ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன் கோடையில் நெருங்கியது. அப்போது தென்மேற்குப் பருவக்காற்று வலுத்து வீசியது.

ஏரிப்படிவைப் போலச் சுக்கான் ஒழுங்காக ஏடு அடுக்குவதில்லை. கரைந்து மறுபடி இறுகியதால் காலங்கள் அதில் கலந்து கிடக்கும். ஆனாலும் கணுவை உடைத்து, அதிலுள்ள கார்பன், ஆக்சிஜன் ஐசோடோப்புகளை அளந்தால், அது இறுகிய நாளில் மேலே எவ்வகைப் புல்பூண்டு வளர்ந்தது, எத்தகைய மழை பெய்தது என்பதற்குத் தடயம் கிடைக்கும்.