அரிக்கமேட்டின் வயதும் கார்பன்-14இன் கணக்கும்

புதுச்சேரி நகருக்குத் தெற்கே சுமார் 4 கிலோமீட்டர் தொலைவில், அரியாங்குப்பம் ஆறு கடலை நெருங்கும் இடத்தில் அதன் கரையில் இருக்கிறது அரிக்கமேடு. காக்காயந்தோப்பை ஒட்டிய இந்த மேட்டில் செங்கல் சுவர்களும் உறைகிணறுகளும் கண்ணாடி மணிகளும் இத்தாலிய மட்கலங்களும் கிடைத்தன. சங்க இலக்கியம் பேசும் யவனர் வணிகத்தை மண்ணிலிருந்தே எடுத்துக் காட்டிய ஊர் இது. இதன் வயதைக் கணித்த முறைக்கும் தனி வரலாறு உண்டு. முதலில் ரோமானியக் கலங்களை அளவுகோலாகக் கொண்டு கணித்தார்கள். பிறகு கதிரியக்க ஐசோடோப்புகள் அந்த வேலையை ஏற்றன. தமிழகத்தின் தொல்பழங்காலம் தனக்கென ஒரு காலக்கணக்கைப் பெற்றது அதன் பின்னரே.

வெள்ளிக் கோளின் இடைநகர்வைக் காண 1768இல் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ழாந்தி, வீராம்பட்டினத்தின் அருகே பழைய செங்கல் சுவர்களும் கிணறுகளும் இருப்பதைத் தம் பயண நூலில் குறித்தார். ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக அந்தக் குறிப்பைத் தொடர்ந்து எவரும் செல்லவில்லை. 1937இல் பிரெஞ்சு ஆய்வாளர் ழுவோ துப்ரேய் மேட்டில் பொறுக்கப்பட்ட மணிகளைச் சேகரித்தபோது, மனிதத் தலை செதுக்கிய கல் ஒன்று அவர் கைக்கு வந்தது. அது ரோமப் பேரரசர் அகஸ்டஸின் உருவம் என்று அவர் கருதினார். 1941 முதல் ஃபோஷேயும் சுர்லோவும் அகழத் தொடங்கினர். கிடைத்த ஓடுகளில் சில சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின.

இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக 1944இல் பொறுப்பேற்ற மார்ட்டிமர் வீலர் அந்த ஓடுகளைச் சென்னையில் பார்த்தார். அவற்றில் மத்தியதரைக் கடல் நாடுகளின் மது ஜாடித் துண்டுகள் இருப்பதைக் கண்டதும் அவருக்கு வழி தெரிந்துவிட்டது. புதுச்சேரி அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அந்த அரசின் இசைவோடு 1945இல் அவர் அரிக்கமேட்டை அகழ்ந்தார். தெற்குப் பகுதியில் சுமார் 150 அடி நீளமுள்ள செங்கல் கட்டடமும், வடக்குப் பகுதியில் தொட்டிகளும் வடிகால்களும் வெளிப்பட்டன. கிரேக்க மாலுமிகளின் 'பெரிப்ளூஸ்' நூலும் தாலமியும் குறிப்பிடும் பொதுகே துறைமுகம் இதுவே என்றார் வீலர்.

அவருக்கு வேண்டியிருந்தது ஆண்டு. அதைத் தந்தவை இத்தாலியின் அரெட்ஸோ நகரத்துப் பளபளப்பான சிவப்புக் கலங்கள். அவை எப்போது வழக்கில் இருந்தன, எப்போது மறைந்தன என்பது ஐரோப்பாவில் முன்பே கணிக்கப்பட்டிருந்தது, கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவில் அவற்றின் காலம் முடிந்தது. ஆகவே அந்த ஓடுகள் கிடந்த மண்ணடுக்கு கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பாதி ஆயிற்று. அதே அடுக்குகளில், உள்ளடியில் வட்டவட்டமாகப் புள்ளிக்கோலம் பதித்த ரௌலட்டட் கலங்கள் கிடைத்தன. அவற்றுக்கும் அதே வயது கொடுக்கப்பட்டது. 1947இல் கர்நாடகத்தின் பிரம்மகிரியை அகழ்ந்தபோது, அங்கு கிடைத்த அதே வகைக் கலங்களைக் கொண்டு வீலர் அந்த ஊரின் பெருங்கற்காலத்தைக் கி.மு. 200இலிருந்து கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அடக்கினார். இப்படி, இத்தாலியக் குயவர்களின் கலத்தை வைத்துத் தென்னிந்தியாவின் இரும்புக் காலம் முழுவதற்கும் தேதி குறிக்கப்பட்டது. அன்று இருந்தவற்றில் அதுவே நம்பகமான வழி. ஆனால் ரோமோடு தொடர்பு ஏற்படுவதற்கு முந்தைய காலத்தை அளக்க அதில் இடமே இல்லை.

அந்தக் காலத்தை அளக்கும் வழியைத் திறந்தது கார்பன்-14. ஒரே தனிமத்தின் அணுக்கள் வேதியியல் இயல்பில் ஒத்திருந்தாலும், அணுக்கருவிலுள்ள நியூட்ரான்களின் எண்ணிக்கையால் எடையில் வேறுபடலாம். அவையே ஐசோடோப்புகள். கார்பனில் கார்பன்-12, கார்பன்-13 ஆகிய இரண்டும் நிலையானவை. கார்பன்-14 கதிரியக்கம் உடையது. அமெரிக்காவில் மார்ட்டின் கேமனும் சாம் ரூபனும் 1940இல் அதைக் கண்டறிந்தனர். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் நியூட்ரான்களை உண்டாக்குகின்றன. அவை நைட்ரஜன் அணுவைத் தாக்கும்போது கார்பன்-14 பிறக்கிறது. அது கார்பன் டைஆக்சைடாகிச் செடிகளுக்குள்ளும், செடிகள் வழியே விலங்குகளுக்குள்ளும் போகிறது. உயிர் உள்ளவரை வரவும் சிதைவும் சமமாக இருக்கும். உயிர் போனதும் வரவு நின்றுவிடும். சிதைவு மட்டும் தொடரும். 5,730 ஆண்டுகளில் பாதி அணுக்கள் சிதைந்துபோகும். எஞ்சியதை அளந்தால், நெல்லோ மரமோ உயிரிழந்து எத்தனை ஆண்டு ஆயிற்று என்பது தெரியும். சிகாகோவில் வில்லார்ட் லிபி, எகிப்தியக் கல்லறைகளின் வயது தெரிந்த மரத்துண்டுகளை வைத்து இதைச் சோதித்து 1949இல் வெளியிட்டார். 1960இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அரிக்கமேட்டில் வீலரின் அகழாய்வு முடிந்தபோது இந்த முறை பிறக்கவே இல்லை.

இந்தியாவில் 1960களின் தொடக்கத்தில் பம்பாயின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் கார்பன்-14 ஆய்வகம் இயங்கத் தொடங்கியது. டி. பி. அகர்வாலும் ஷீலா குசும்கரும் அதன் முன்னோடிகள். பின்னர் அது அகமதாபாத்தின் இயற்பியல் ஆராய்ச்சிக்கூடத்துக்கு மாறியது. கரித்துண்டுகளை எரித்து வாயுவாக்கி, அதிலிருந்து வெளிப்படும் பீட்டாத் துகள்களை மணிக்கணக்கில் எண்ணுவது அன்றைய முறை. முடிவுகள் வரவர, வீலரின் காலவரிசை தளரத் தொடங்கியது. தெலங்கானாப் பகுதியின் உட்னூர்ச் சாம்பல்மேடு கி.மு. மூன்றாம் ஆயிரமாண்டுக்குச் சென்றது. கர்நாடகத்தின் ஹல்லூரில் இரும்பு கிடைத்த அடுக்கு சுமார் கி.மு. 1000 என்று தெரிந்தது. பிரம்மகிரிக்குக் கொடுக்கப்பட்ட தொடக்கத்தைவிட அது எட்டு நூற்றாண்டு முந்தையது. சோழர் துறைமுகமான காவிரிப்பூம்பட்டினத்தை அடுத்த கீழையூரில் செங்கல் படகுத்துறை ஒன்று வெளிப்பட்டது. படகு கட்ட நட்டிருந்த மரக்கம்பத்தின் வயது கி.மு. 316, அதற்கு 103 ஆண்டு முன்னோ பின்னோ என்று வந்தது. ரோமானியக் கப்பல்கள் பெருமளவில் வருவதற்கு முன்பே இக்கடற்கரையில் துறைகள் இருந்தன என்பதற்கு அது வலுவான சான்று.

அரிக்கமேட்டைப் பற்றிய கருத்தும் மாறியது. 1947 முதல் 1950 வரை ழான்-மரி கசால் அங்கு அகழ்ந்து, பெருங்கற்கால மக்களின் தடயங்களை விரிவாகப் பதிவுசெய்தார். 1983இல் விமலா பெக்லி வீலரின் முடிவுகளை மறுஆய்வு செய்தார். 1989 முதல் 1992 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. வி. ராமனோடு சேர்ந்து மேட்டை மீண்டும் அகழ்ந்தார். ரௌலட்டட் கலங்கள் கி.மு. இரண்டாம் நூற்றாண்டு அளவிலேயே வழக்கில் இருந்தன என்றும், ரோம் வணிகத்துக்கு முன்பே அங்கு உள்ளூர்க் குடியிருப்பு இருந்தது என்றும் அவர் வாதிட்டார். 'ரோமானிய வணிக நிலையம்' என்ற பழைய பெயர் அதோடு நியாயமிழந்தது. அது உள்ளூர் மக்கள் உருவாக்கிய ஊர்; யவனர் அங்கே வந்து போனவர்கள்.

கலங்கள் எங்கே செய்யப்பட்டன என்ற கேள்விக்கும் கதிரியக்கம் உதவியது. ஓட்டின் துளியை அணு உலையில் நியூட்ரான்களுக்கு ஆட்படுத்தினால், அதிலுள்ள தனிமங்கள் தற்காலிகமாகக் கதிரியக்க ஐசோடோப்புகளாகின்றன. அவை வெளிவிடும் காமாக் கதிர்களை அளந்து, மண்ணின் நுண்தனிம விகிதத்தை அறியலாம். ஆர்திகா, பெல்வுட் முதலியோர் 1990களின் தொடக்கத்தில் அரிக்கமேடு, இலங்கையின் அனுராதபுரம், பாலித் தீவின் செம்பிரான் ஆகிய இடங்களின் ரௌலட்டட் ஓடுகளை இம்முறையில் ஒப்பிட்டனர். அவற்றின் களிமண் ஒன்றையொன்று நெருக்கமாக ஒத்திருந்தது. அந்த மண் எந்த ஊருடையது என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. கங்கைக் கழிமுகம் என்பது ஒரு கருத்து. ஆனால் வங்கக் கடலின் இரு கரைகளையும் இணைத்த வணிக வலையில் அரிக்கமேடும் ஒரு கண்ணி என்பது இதனால் உறுதிப்பட்டது.

1977இல் உருவான முடுக்கி நிறைமாலை முறை அடுத்த பாய்ச்சல். சிதைவுக்காகக் காத்திராமல், கார்பன்-14 அணுக்களையே நேரடியாக எண்ணும் முறை அது. கிராம் கணக்கில் கரி தேவைப்பட்ட இடத்தில் சில மில்லிகிராம் போதும் என்றானது. ஒரு நெல்மணிக்கும் வயது கணிக்க முடிந்தது. புதுச்சேரிப் பல்கலைக்கழக வரலாற்றுத் துறையில் பணியாற்றிய கா. ராஜன் இதைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர். பழனிக்கு அருகே பொருந்தலில் 2009, 2010 ஆண்டுகளில் அவர் நடத்திய அகழாய்வில், ஈமக் கல்லறையில் நெல் நிறைந்த ஜாடியும் தமிழி (தமிழ்ப் பிராமி) எழுத்துப் பொறித்த கலமும் கிடைத்தன. அந்த நெல் அமெரிக்க ஆய்வகத்தில் கி.மு. 490 என்று கணிக்கப்பட்டது. பின்னர் கொடுமணலில் 120 செ.மீ. ஆழத்துக் கரி கி.மு. 408 என்று வந்தது. தமிழி எழுத்து அசோகருக்கு முந்தையதா என்ற விவாதம் இவற்றால் சூடுபிடித்தது. 2019இல் கீழடியில் 353 செ.மீ. ஆழத்து மாதிரி கி.மு. 580 என்று வெளியானது.

இந்தத் தேதிகளைப் படிக்கும்போது மூன்று வரம்புகளை மறக்கக் கூடாது. முதலாவது, வளிமண்டலத்தில் கார்பன்-14இன் அளவு எப்போதும் ஒரே சீராக இருந்ததில்லை. மர வளையங்களைக் கொண்டு அளவீட்டைத் திருத்த வேண்டும். கி.மு. 800க்கும் 400க்கும் இடையே அந்தத் திருத்த வரைகோடு ஏறக்குறைய தட்டையாகிவிடுவதால், அந்த நான்கு நூற்றாண்டுகளில் ஓர் அளவீடு பல ஆண்டுகளுக்குப் பொருந்தக்கூடும். பொருந்தல், கீழடித் தேதிகள் விழுவது அந்த இடைவெளியிலேயே. இரண்டாவது, முறை தருவது உயிர் நின்ற காலத்தை மட்டுமே. அருகில் கிடந்த எழுத்துக்கும் இரும்புக்கும் அதே வயது என்று சொல்ல, இரண்டும் கலையாத ஒரே அடுக்கில் இருந்தன என்று அகழ்ந்தவர் நிறுவ வேண்டும். மூன்றாவது, சுமார் 50,000 ஆண்டுக்கு அப்பால் எண்ணுவதற்கு அணுக்கள் மிஞ்சுவதில்லை. புதுச்சேரியை அடுத்த திருவக்கரையின் கல்மரங்களுக்குக் கூறப்படும் 2 கோடி ஆண்டு வயது, நில அடுக்கை வைத்துக் கணிக்கப்பட்டது.

ஆகவே இன்று வேறு முறைகளும் சேர்ந்து பயன்படுகின்றன. மண்ணிலுள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம்-40 ஆகியவை ஓயாமல் கதிர்வீசுகின்றன. அந்த ஆற்றல், புதைந்த மணல் துகள்களில் சேர்ந்துகொண்டே வருகிறது. ஒளியைப் பாய்ச்சி அதை வெளிப்படுத்தி அளந்தால், மணல் கடைசியாக வெயில் கண்ட காலம் தெரியும்; இதுவே ஒளித்தூண்டல் முறை. சிவகளையின் இரும்பு பற்றி 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட அறிக்கையில் கார்பன்-14, ஒளித்தூண்டல் ஆகிய இரு முறைகளும் பயன்பட்டன. மாதிரிகள் ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வகங்களுக்கு அனுப்பப்பட்டன. அதில் மிகப் பழைய தேதி கி.மு. 3345. உலக இரும்பு வரலாற்றையே மாற்றக்கூடிய இந்தக் கூற்றை மற்ற ஊர்களின் அடுக்குகளும் தாங்கினால்தான் அது நிலைபெறும்.

வீலரின் கணக்கு முற்றிலும் வீணாகிவிடவில்லை. இத்தாலியக் கலம் கிடைத்த அடுக்குக்கு அவர் சொன்ன காலம் இன்றும் பெரும்பாலும் பொருந்துகிறது. மாறியது அதன் எல்லை. ரோமானியக் கலம் எட்டாத ஆழத்திலும், கடற்கரையிலிருந்து விலகிய உள்நாட்டு ஊர்களிலும், நெல்லும் கரியும் தம் வயதைத் தாமே சொல்கின்றன. அரிக்கமேடு இப்போது அந்த நீண்ட வரிசையின் ஒரு கட்டமாகவே படிக்கப்படுகிறது.