காந்தி ஆபீஸில் ஒரு பெண் குமாஸ்தா

எங்க பெரியப்பா வக்கீல் குமாஸ்தா. முன்சீப் கோர்ட்டில் முப்பது வருஷத்துக்கு மேல். பிராது எழுதுவார், கோர்ட் ஃபீஸ் கணக்குப் போடுவார், எல்லாக் கேஸின் வாய்தாவும் மனப்பாடம். புதுசா வர்ற ஜூனியர் வக்கீல்கள் எந்த மனுவை எந்த செக்‌ஷன்ல போடணும்னு அவரிடம்தான் வந்து கேட்பார்கள். ஆனால் கையெழுத்து மட்டும் அவர் போட முடியாது. "எழுதுறது நான், ஏத்துக்கிறது ஐயா" என்பார். 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டப்படி, பதிவு பெறாதவர் கோர்ட்டில் வக்கீல் தொழில் செய்தால் ஆறு மாதம் வரை சிறை. பெரியப்பாவுக்கு இது நல்லாவே தெரியும், அதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகவும் தெரியவில்லை.

வக்கீல் ஆபீஸில் வக்கீல் அல்லாதவர் என்ன செய்யலாம், யார் மேற்பார்வையில் செய்யலாம் என்ற விதிகளை நாம் நடைமுறைச் சமாச்சாரமாகத்தான் பார்க்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன், சோன்யா ஷ்லேசின் கதையைப் படிக்கும் வரைக்கும்.

இடம் ஜோஹன்னஸ்பர்க். 1903-இல் டிரான்ஸ்வாலில் அட்டர்னியாகப் பதிவு செய்துகொண்ட காந்தி, ரிஸ்ஸிக் தெருவில் ஆபீஸ் வைத்திருந்தார். ஒரு சமயம் நான்கு இந்திய குமாஸ்தாக்கள் இருந்தார்கள். டைப் அடிக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை. முதலில் ஸ்காட்லாந்திலிருந்து வந்த மிஸ் டிக் சேர்ந்தார், மாதம் 17 பவுன் 10 ஷில்லிங் சம்பளம். அவருக்குக் கல்யாணமாகிப் போன பிறகு, நண்பர் காலன்பாக் கூட்டிவந்து விட்டது பதினேழு வயதுப் பெண்ணை. அவர்தான் ஷ்லேசின். மாஸ்கோவில் பிறந்தவர், சின்ன வயசிலேயே குடும்பத்தோடு தென்னாப்பிரிக்கா வந்துவிட்ட யூதப் பெண்.

ரொம்ப நாள் ஆறு பவுனுக்கு மேல் வாங்கவில்லை. பிறகும் பத்துக்கு மேல் வாங்க மறுத்துவிட்டார். கூட வாங்கிக்கோ என்றால் காந்தியையே திட்டுவாராம். அவர் டைப் செய்த கடிதங்களைத் திருப்பிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதுண்டு, தன் ஆங்கிலத்தைவிட அவருடையது மேல் என்று காந்தியே சுயசரிதையில் எழுதியிருக்கிறார். இந்த இடத்தில் எனக்குப் பெரியப்பா ஞாபகம் வந்தது. கடிதம் எழுதியது ஷ்லேசின், அதில் தப்பு இருந்தால் பொறுப்பு காந்தி. மேற்பார்வை என்ற சொல்லுக்குக் காகிதத்தில் என்ன அர்த்தமோ, ஆபீஸில் அது பாதி நம்பிக்கைதான்.

அன்றைய டிரான்ஸ்வாலில் அட்டர்னி ஆபீஸுக்குள் நுழைய வக்கீல் அல்லாதவருக்கு இரண்டு வாசல். ஒன்று சாதாரண உத்தியோகம்: டைப்பிஸ்ட், குமாஸ்தா, மொழிபெயர்ப்பாளர். அட்டர்னி யாரை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், கேட்பார் கிடையாது. இன்னொன்று 'ஆர்டிகிள்டு கிளார்க்'. சி.ஏ. படிக்கிற பிள்ளைகள் ஆர்டிகிள்ஷிப் போறேன்னு சொல்றாங்களே, அதே சங்கதி. அட்டர்னி தொழிலைக் கற்றுக்கொடுப்பார், இவர் இத்தனை வருஷம் அவர் கண்பார்வையில் வேலை செய்வார் என்று எழுத்துமூலம் ஒப்பந்தம். அதைப் பதிவு செய்ய வேண்டும். தவணை முடிந்து பரீட்சையும் தேறினால் அட்டர்னி ஆகலாம். பதிவு இல்லாமல் பத்து வருஷம் அதே வேலையைச் செய்தாலும் ஒருநாள்கூடக் கணக்கில் சேராது.

காந்தியிடம் இரண்டு பேர் இப்படிச் சேர்ந்தார்கள். வியாபார நிறுவனத்தில் மேனேஜராக இருந்த லூயிஸ் ரிட்ச், பத்திரிகை வேலையை விட்டுவிட்டு வந்த ஹென்றி போலக். போலக் அட்டர்னியும் ஆனார்.

1909-இல் மூன்றாவதாக ஷ்லேசினுக்கு முயற்சி நடந்தது. அதே ஆபீஸ், அதே அட்டர்னி, அவர் ஏற்கெனவே செய்துகொண்டிருந்த வேலை. கற்றுக்கொடுப்பவர் தயார், கற்பவரும் தயார். சட்டச் சங்கம் ஒப்புக்கொள்ளவில்லை. டிரான்ஸ்வால் உச்ச நீதிமன்றத்துக்குப் போய், அங்கேயும் தோல்வி. ஆண்பாலில் எழுதிய சட்டச் சொல் பெண்ணையும் குறிக்கும் என்ற பொது விதி இருக்கத்தான் செய்தது. ஆனால் இந்தத் தொழிலுக்கு அது பொருந்தாது, இதில் பெண்கள் இருந்ததே இல்லை என்பது பதில். இருந்ததில்லை, அதனால் இருக்கக்கூடாது! அவருடைய திறமையைப் பற்றி அங்கே கேள்வியே எழவில்லை.

மூன்று வருஷம் கழித்து, 1912-இல், மேடலின் வூக்கி என்ற பெண்ணுக்கும் இதுவே நடந்தது. கேப் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகச் சொன்னது, சட்டச் சங்கம் அப்பீல் போய் ஜெயித்தது. சட்டத்தில் இருந்த 'நபர்கள்' என்ற சொல்லில் பெண்கள் அடக்கமா என்பதுதான் கேள்வி. அடக்கமில்லை என்றார்கள், ரோமன்-டச்சு சட்ட மரபைக் காட்டி. அந்த மரபின் வேரைத் தேடிப் போனால் ரோமில் கார்ஃபானியா என்ற பெண்மணியில் போய் நிற்கிறது. கோர்ட்டில் தொந்தரவு கொடுத்தாராம், அதனால் பெண்கள் பிறருக்காக வாதாடவே கூடாது என்று ஆணை போட்டதாக உல்பியன் சொல்கிறார். கி.மு. காலத்து ஒரு சண்டைக்காரியின் பேரில், இருபதாம் நூற்றாண்டில் ஆர்டிகிள்ஷிப்புக்குத் தடை. நம்மூரிலும் ரொம்ப வித்தியாசம் இல்லை: 1916-இல் கல்கத்தாவில் ரெஜினா குஹா, 1921-இல் பாட்னாவில் சுதான்சுபாலா ஹஸ்ரா, இருவரும் இதே 'நபர்' கேள்வியில் தோற்றார்கள்.

இன்னொரு விஷயம். வாசல் மறுக்கப்பட்டதே தவிர, வேலை குறையவில்லை. சத்தியாக்கிரகத்தில் தலைவர்கள் ஒவ்வொருவராகச் சிறைக்குப் போனபோது கணக்கு, கடிதம், யோசனை கேட்டு வருபவர்கள் எல்லாம் ஷ்லேசின் தலையில். டிரான்ஸ்வால் இந்தியப் பெண்கள் சங்கத்துக்கும் அவர்தான் செயலாளர். 1913-இல் ஜோஹன்னஸ்பர்க்கின் தமிழ்ப் பெண்கள் எல்லை தாண்டி நேட்டாலுக்குப் போய்ச் சுரங்கத் தொழிலாளர்களைத் திரட்டினார்களே, அந்தப் போராட்டத்தில் காந்தி, போலக், காலன்பாக் மூவரும் ஒரே சமயத்தில் உள்ளே. வெளியே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது இருபத்தைந்து வயது ஷ்லேசின். முந்தின வருஷம் வந்துபோன கோகலே, அங்கிருந்தவர்களில் இவருக்கே முதலிடம் தந்தார் என்று காந்தி எழுதுகிறார். பல்லாயிரம் பவுனையும் ஒரு இயக்கத்தையும் ஒப்படைக்கலாம். மூன்று பக்க ஒப்பந்தத்தைப் பதிவு செய்யத்தான் கூடாது. அவருடைய தியாகத்தைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். எனக்கென்னவோ அந்த ஆறு பவுனைவிட இந்தப் பதிவுதான் பெரிய நஷ்டமாகப் படுகிறது.

அதே ஊரில் 1940-களில் இன்னொரு ஆபீஸ். விட்கின், சிடெல்ஸ்கி, ஐடெல்மன் என்ற நிறுவனத்தில் நெல்சன் மண்டேலா குமாஸ்தாவாகச் சேர்ந்தார். அங்கே கௌர் ராடெபே என்ற கறுப்பின ஊழியர் முன்பே இருந்தார்: குமாஸ்தா, மொழிபெயர்ப்பாளர், தூதர், எல்லாம் அவரே. மண்டேலா பி.ஏ. முடித்த சமயத்தில் ராடெபே வேலையை விட்டுவிட்டார். நான் இங்கே இருக்கிற வரைக்கும் உன்னை இவர்கள் ஆர்டிகிள்ஷிப்பில் எடுக்க மாட்டார்கள் என்று காரணம் சொன்னாராம். 1943-இல் மண்டேலாவுக்கு ஒப்பந்தம் கிடைத்தது. ராடெபேயின் வருஷங்கள் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

தென்னாப்பிரிக்காவில் பெண்கள் வக்கீலாகலாம் என்று சட்டம் வந்தது 1923-இல். இந்தியாவிலும் அதே வருஷம்தான். ஷ்லேசினுக்கு அப்போது வயது முப்பத்தைந்து. அவர் அட்டர்னி ஆகவில்லை. க்ரூகர்ஸ்டார்ப் பள்ளியில் ஆசிரியையாகப் போனார், சொல்லிக்கொடுத்தது லத்தீன். காந்தியிடமிருந்து ஒரு தடவை 40 பவுன் வாங்க வேண்டி வந்தபோது, கடனாகத்தான் வாங்குவேன் என்று பிடிவாதம் பிடித்திருக்கிறார். அந்தப் பணம் முழுசும் போன வருஷம் வந்து சேர்ந்துவிட்டது என்று, 1920-களில் எழுதிய சுயசரிதையில் காந்தி குறித்துவைத்திருக்கிறார்.