கொக்குவிற் புகையிரத நிலையம்

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை நோக்கிச் செல்லும் இருப்புப் பாதையிலே, நகரை நீங்கியதும் முதலில் எதிர்ப்படுவது கொக்குவில் நிலையமாகும். தோற்றத்திற் சிறியதாயினும், அயற்கிராமங்களின் வாழ்க்கையில் அது பெற்ற இடம் சிறிதன்று.

காப்பித் தோட்டங்களின் பொருட்டுக் கண்டிக்கு 1867 ஆம் ஆண்டிலேயே புகையிரதம் சென்றது. வடபகுதி மேலும் முப்பத்தைந்து ஆண்டுகள் காத்திருந்தது. தூரமும் வன்னிக் காடும் மட்டுமே இதற்குக் காரணமெனல் பொருந்தாது; ஆங்கில முதலாளிகளுக்கு வேண்டிய பண்டம் இங்கு விளையவில்லை என்பதே உண்மைக்கு அண்மையானது. அதுவரை தெற்கே செல்வோர் கடல்வழியையோ மாட்டுவண்டிப் பாதையையோ நம்பியிருந்தனர். 1902 மார்ச் 11 இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே முதலில் வண்டி ஓடிற்று. தென்னிலங்கைப் பாதையோடு தொடர்பின்றித் தனித்து நின்ற இப்பகுதி, 1905 ஆகஸ்ட் 1 இலேயே கொழும்புடன் இணைந்தது.

இவ்விணைப்பின் பயனைக் கொக்குவிலார் நன்கு நுகர்ந்தனர். செம்மண்ணிற் கிணற்று நீர் பாய்ச்சி விளைவித்த புகையிலை, ஊரிலுள்ள கொட்டில்களிலே சுருட்டாகியது. சிங்கள ஊர்களிற் கடை வைத்திருந்த யாழ்ப்பாணத்து வணிகர் அதனை விற்றனர். வண்டி ஒழுங்காக ஓடினாற் சரக்கும் ஒழுங்காகச் செல்லும். சரக்குச் சென்றாற் சுருட்டுத் தொழிலாளிக்குக் கூலி கிடைக்கும். கொட்டிலிலே கைகள் சுருட்டுச் சுற்ற, ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிப்பது வழக்கம். 1930 இல் தோன்றிய வீரகேசரியும் 1932 இல் தோன்றிய தினகரனும் கொழும்பிலிருந்தே வந்தன. எழுத்தறியாத தொழிலாளியும் நாட்டு நடப்பை அறிந்து வாதிட்டதற்குக் கோச்சியும் ஒரு காரணம். (புகையிரதம் என்று ஏட்டில் எழுதினும், ஊரார் நாவில் அது கோச்சியே.)

கொழும்பிலே கடமையாற்றிய எழுதுவினைஞர், அரசாங்கம் வழங்கிய பிரயாண ஆணைச்சீட்டுடன் விடுமுறைக்கு வீடு திரும்பியதும் இவ்வழியே. 1956 ஏப்பிரலில் யாழ்தேவி ஓடத் தொடங்கியபின் பகற் பிரயாணம் எளிதாயிற்று.

1990 ஜூனிற் போர் இச்சேவையை நிறுத்தியது. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்காகப் பெயர்க்கப்பட்டன. வடபாதையின் நிலையங்கள் பல சிதைந்தன. சிலவற்றில் இடம்பெயர்ந்தோர் குடியிருந்தனர். வண்டியையே காணாது ஒரு தலைமுறை வளர்ந்தது. இந்தியக் கடனுதவியுடன் பாதை மீண்டும் அமைக்கப்பட்டு, 2014 ஒக்டோபர் 13 இல் யாழ்ப்பாணம் வரையும், 2015 ஜனவரி 2 இற் கொக்குவில் ஊடாகக் காங்கேசன்துறை வரையும் வண்டி வந்தது. வண்டி மீண்ட வேளையில் சுருட்டுக் கொட்டில்களிற் பெரும்பாலானவை மூடுண்டிருந்தன.