பழவேற்காடு ஏரித் தண்ணி நல்லா இருக்கா? வானத்திலிருந்தே கண்டுபிடிக்கும் செயற்கைக்கோள்கள்!

சென்னையிலிருந்து வடக்கே சுமார் 60 கி.மீ. வண்டியை விட்டால் பழவேற்காடு. பூநாரை பார்க்க, போட்டோ எடுக்க, திரும்பும்போது நண்டும் இறாலும் வாங்க என வீக் எண்டில் கூட்டம் போகும் இடம். பார்த்தால் கடல் மாதிரி விரிந்து கிடக்கும். ஆனால், பல இடங்களில் இறங்கி நின்றால் தண்ணி இடுப்புக்குக்கூட வராது. ஏரியின் சராசரி ஆழமே சுமார் 1 மீட்டர்தான்!

ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து, இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திராவில், கொஞ்சம் நம் பக்கம். அந்தத் தண்ணி நன்றாக இருந்தால்தான் இறால் வரும். இறால் வந்தால்தான் அங்கே அடுப்பு எரியும். சரி, இவ்வளவு பெரிய ஏரியின் தண்ணீரை யார், எப்படிப் பரிசோதிப்பது?

ஆழம் குறைந்தால் ஆபத்து அதிகம்

ஆற்றுத் தண்ணியும் கடல் தண்ணியும் கலக்கும் இடம்தான் இந்த மாதிரி ஏரிகள். தெற்கே ஆரணியாறு, வடக்கே காளங்கி, சுவர்ணமுகி ஆறுகள் இதில் வந்து சேர்கின்றன. கடலோடு இணைக்கும் வாசல், முகத்துவாரம். அது மண் மூடிவிட்டால் உள்ளே தண்ணி தேங்கிவிடும். கோடையில் ஆவியாகி உப்பு ஏறும். மழைக்காலத்தில் ஆறுகள் உரத்தையும் கழிவையும் கொண்டுவந்து கொட்டினால் பாசி பெருகும். தண்ணி குறைவு என்பதால், எந்த மாற்றமும் சீக்கிரமே பாதிக்கும்.

வழக்கமான முறை, படகில் போய் பாட்டிலில் தண்ணி எடுத்து லேபில் சோதிப்பது. துல்லியமானது. ஆனால், 400 சதுர கி.மீ-க்கும் மேல் விரியும் ஏரியில் எத்தனை இடத்தில், எத்தனை நாளைக்கு ஒருமுறை எடுக்க முடியும்? இங்குதான் செயற்கைக்கோள் உதவிக்கு வருகிறது.

நிறம்தான் துப்பு

செயற்கைக்கோள் தண்ணியைத் தொட்டுப் பார்ப்பதில்லை. தண்ணியிலிருந்து திரும்பிவரும் சூரிய ஒளியைத்தான் அளக்கிறது. பாசியில் இருக்கும் பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் உறிஞ்சிக்கொள்ளும். சிவப்பின் விளிம்பைத் தாண்டிய ஒளியைத் திருப்பி அனுப்பும். இந்த வித்தியாசத்தை வைத்து பாசியின் அளவைக் கணிக்கலாம். சேறு கலந்த தண்ணி சிவப்பு ஒளியை அதிகம் திருப்பும். அதை வைத்து கலங்கலைக் கணிக்கலாம்.

ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் இந்த வேலைக்குப் பொருத்தமானவை. இரண்டு சேர்ந்து சுமார் 5 நாள்களுக்கு ஒருமுறை ஒரே இடத்தைப் படம் பிடிக்கின்றன. முக்கிய நிறங்களில் ஒரு பிக்சல் என்பது 10 மீட்டர். அமெரிக்காவின் லேண்ட்சாட் 30 மீட்டர் அளவில் பார்க்கும். தண்ணியின் மேற்பரப்பு வெப்பத்தையும் அளக்கும்.

இதில் ஒரு சுவாரஸ்யம். பழவேற்காடு ஏரிக்கும் வங்கக்கடலுக்கும் நடுவே இருக்கும் தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. கடலின் நிறத்தைக் கவனிக்கும் நம் ஓசன்சாட்-3, 2022 நவம்பர் 26-ல் அங்கிருந்துதான் கிளம்பியது. ஆனால், அதன் ஒரு பிக்சல் சுமார் 360 மீட்டர். பரந்த கடலுக்கு அது சூப்பர். குறுகலான கழிகளுக்கும் முகத்துவாரத்துக்கும் இன்னும் நுணுக்கமான கண் வேண்டும்.

தரை செய்யும் குழப்பம்

ஆழமான கடலில் இல்லாத ஒரு சிக்கல் இங்கே உண்டு. தண்ணி தெளிவாக இருந்தால், ஒளி தரையைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடும். அடியில் வளர்ந்த கடற்புல்லைப் பார்த்து, `தண்ணியில் பாசி' என்று கணக்கு தப்பாகிவிடும். சிவப்பைத் தாண்டிய ஒளியைத் தண்ணி சீக்கிரம் விழுங்கிவிடுவதால், அந்த அளவீடுகளில் தரையின் தொந்தரவு குறைவு. முழங்கால் ஆழத்தில் அதுவும் கைகொடுக்காது. மேகமும் எதிரிதான். ஆறுகள் பெருக்கெடுத்து வரும் வடகிழக்குப் பருவமழை நேரத்தில்தான் படங்கள் மிகக் குறைவாகக் கிடைக்கும்.

ஸ்பெயின் சொல்லும் பாடம்

ஸ்பெயினின் மார் மெனோர், சுமார் 135 சதுர கி.மீ. பரப்பும் அதிகபட்சம் 7 மீட்டர் ஆழமும் உள்ள கடற்கழி. சுற்றியுள்ள விவசாய நிலங்களின் உரச்சத்து பல வருடங்களாக அதில் கலந்தது. 2016-ல் தண்ணி பச்சை சூப் மாதிரி ஆனது. வெளிச்சம் கிடைக்காமல் அடியில் இருந்த தாவரங்களில் சுமார் 85% அழிந்தது. இந்த நிறமாற்றம் செயற்கைக்கோள் படங்களிலும் தெரிந்தது.

ஆனால் 2019 அக்டோபரில், மீன்கள் கரையில் ஒதுங்கிச் செத்ததற்குக் காரணம், அடித் தண்ணியில் ஆக்சிஜன் இல்லாமல் போனது. 2021 ஆகஸ்ட்டிலும் மீன்கள் செத்து ஒதுங்கின. ஆக்சிஜனுக்கு நிறம் கிடையாது. அதை எந்தச் செயற்கைக்கோளாலும் நேரடியாகப் பார்க்க முடியாது. தண்ணியில் கரைந்த உரச்சத்துக்கும் அதே கதைதான். பிறகு, 5 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் கையெழுத்திட்டு வலியுறுத்த, 2022-ல் அந்தக் கழிக்கே சட்டபூர்வ நபர் அந்தஸ்து கிடைத்தது.

படகும் வேண்டும்

ஆக, செயற்கைக்கோளை நாடி பார்க்கும் டாக்டர் என்று சொல்லலாம். ரத்தப் பரிசோதனைக்குப் படகில்தான் போக வேண்டும். சென்டினல்-2 காலை சுமார் பத்தரை மணிக்குக் கடக்கும். அதே நாளில், அதே நேரத்தையொட்டி எடுக்கும் பாட்டில் தண்ணியோடு ஒப்பிட்டால்தான், படத்தில் தெரியும் பச்சைக்கு நம்பகமான ஒரு எண் கிடைக்கும். பதிலுக்கு, படகு முதலில் எங்கே போக வேண்டும் என்பதைப் படம் சொல்லும்.

நீங்களும் பார்க்கலாம். கோப்பர்னிகஸ் பிரவுசர் இணையதளத்தில் படங்கள் இலவசம். பழவேற்காட்டைத் தேடி, மேகம் குறைவான தேதிகளைத் தேர்வு செய்து, மே மாதப் படத்தையும் ஜனவரி மாதப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முகத்துவாரத்தில் மணல் நகர்ந்திருப்பதும், தண்ணியின் நிறம் மாறியிருப்பதும் வெறும் கண்ணுக்கே தெரியும். அந்தத் தண்ணியில் தினமும் இறங்குபவர்களிடம், அங்கே என்ன வாசனை வருகிறது, வலையில் என்ன சிக்குகிறது என்று கேட்டுப் பாருங்கள். படத்தில் இல்லாத மீதி விவரம் அவர்களிடம்தான் இருக்கிறது.